எரிபொருளின் வரலாறு – 17: ஐம்பது லட்சமாவது காப்புரிமை

1991 மார்ச் 19 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தனது ஐம்பது லட்சமாவது காப்புரிமையை வழங்கியது. உரிமை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனது. கண்டுபிடித்தவர்கள் என்று அதில் மூன்று பெயர்கள் இருந்தன: லோனி இங்கிராம், டைரல் கான்வே, ஃபிளாவியோ ஆல்டர்தும். மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வேறொரு பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களைப் புகுத்தி, அதை எத்தனால் தயாரிக்க வைத்ததற்கான உரிமை அது. கரும்புச் சக்கை, மரத்தூள், மக்காச்சோளத் தட்டை என்று வயலிலும் ஆலையிலும் மிஞ்சுகிற எதையும் வண்டிக்கு எரிபொருளாக்கலாம் என்ற நம்பிக்கை அன்று சட்டத்தின் முத்திரையைப் பெற்றது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உலகில் விற்கும் எத்தனால் இன்றும் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் மக்காச்சோள மணியிலிருந்தும்தான் வருகிறது. இந்த இடைவெளிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஆய்வகத்தில் மட்டும் பலித்த ஒன்றை ஊருக்கே தீர்வு என்று விற்றார்கள் என்பது ஒன்று. அருமையான கண்டுபிடிப்பை எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்பது மற்றது. நடந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. சர்க்கரையை எத்தனாலாக்குவது எப்படி என்ற கேள்விக்கு இங்கிராம் சரியான விடையைக் கண்டார். பணமும் காலமும் கரைந்துபோனது அதற்கு முந்தைய கட்டத்தில், தட்டையிலும் சக்கையிலும் பூட்டிக்கிடக்கும் சர்க்கரையை வெளியே எடுக்கும் இடத்தில். இதை நிறுவ, காப்புரிமைக்கு முந்தைய காலத்துக்கும் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

மரத்திலிருந்து சர்க்கரை எடுப்பது பழைய எண்ணம். 1819-இல் பிரான்சின் நான்சி நகரத்து வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ, கிழிந்த லினன் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்பகுதியில் இரண்டு ஆலைகள் அந்த வழியில் எத்தனால் தயாரித்தன. ஒன்று தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுனில், மற்றது லூசியானாவின் ஃபுல்லர்டனில். இரண்டுமே மர அறுவை ஆலைகளின் கழிவை நீர்த்த அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் இட்டு நொதிக்க வைத்தன. போர் முடிந்ததும் இரண்டும் மூடப்பட்டன. அறுவை ஆலைகளிடமிருந்து வந்த மரத்தூள் குறைந்தது. அதோடு, சர்க்கரை ஆலைகளின் மொலாசஸ் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. மொலாசஸ் என்பது ஏற்கெனவே கரைந்து நிற்கும் சர்க்கரை. அதை நொதிக்க வைக்க அமிலம் வேண்டாம், உயர் அழுத்தக் கலன் வேண்டாம், அமிலத்தைக் கொல்லச் சுண்ணாம்பும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது ஒரிகான் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இதே நோக்கத்தோடு கட்டத் தொடங்கிய ஆலை, போர் முடிந்த பிறகு வணிகரீதியாக ஓடவே இல்லை. சோவியத் ஒன்றியத்தில் மட்டும் மரத்தை அமிலத்தால் உடைக்கும் தொழில் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே செலவைத் தாங்கியது அரசு. ஆக, பாக்டீரியாவின் மரபணுவை யாரும் தொட்டிராத காலத்திலேயே ஒரு போக்கு தெரிகிறது. கரைந்த சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கும்போது, மரத்துக்குள்ளிருக்கும் சர்க்கரை விலையில் தோற்றுப்போகிறது.

செடியின் உடல் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தண்டின் சுவரில் மூன்று பொருள்கள் பின்னிக்கிடக்கின்றன. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்து, இழை இழையாக இறுகி நிற்பது. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ். இதில் பெரும்பகுதி சைலோஸ் என்ற ஐந்து கரிமச் சர்க்கரை, கூடவே அராபினோஸ், காலக்டோஸ், மானோஸ். இரண்டையும் ஒட்டிப் பிடித்து நிறுத்துவது லிக்னின். இது சர்க்கரையே இல்லை, நொதிக்க வைக்க எதுவும் இதிலிருந்து கிடைக்காது. கரும்புச் சக்கையின் உலர் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸ். நீர்த்த அமிலத்தில் சூடாக்கினால் முதலில் கரைந்து வருவதும் அதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் சாராயத்துக்கும் ரொட்டிக்கும் நம்பியிருக்கும் ஈஸ்ட்டுக்குச் சைலோஸை நொதிக்கத் தெரியாது. குளுக்கோஸ் போன்ற ஆறு கரிமச் சர்க்கரைகளைத் தின்றுவிட்டுச் சைலோஸை அப்படியே விட்டுவிடும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே கைவிடுகிற தொழில் ஒருநாளும் கட்டுப்படியாகாது. 1973-இல் எண்ணெய் விலை எகிறிய பிறகு அமெரிக்க ஆய்வகங்கள் இந்தச் சிக்கலை இரண்டு முனைகளில் பிடித்தன. செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைத் தேடினார்கள் சிலர். சைலோஸைத் தின்னும் உயிரைத் தேடினார்கள் வேறு சிலர். இங்கிராம் இரண்டாவது அணி.

அவர் எரிபொருள் ஆராய்ச்சிக்கு வந்த பாதை கவனிக்கத்தக்கது. 1970-களில் அவர் ஆராய்ந்தது ஆல்கஹால் ஈ. கோலைக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதை. ஆல்கஹால் சூழ்ந்தால் அந்தப் பாக்டீரியா தன் மேலுறையின் கொழுப்பு அமிலங்களை மாற்றித் தாக்குப்பிடிக்கிறது என்று 1976-இல் எழுதினார். நஞ்சாக ஆராய்ந்த பொருளையே அந்தப் பாக்டீரியாவின் வாயிலாக உற்பத்தி செய்யலாம் என்ற திருப்பம் பத்து ஆண்டுக்குள் வந்தது. ஈ. கோலையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. அது ஹெமிசெல்லுலோஸின் எல்லாச் சர்க்கரைகளையும் தின்னும். அதன் மரபணுக்களைப் போல் வேறெந்த உயிரின் மரபணுக்களையும் அன்றைய அறிவியல் அறிந்திருக்கவில்லை. 1982 முதல் மனித இன்சுலினையே அதன் மூலம் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். குறை ஒன்றுதான். காற்றில்லாத இடத்தில் அது சர்க்கரையைத் தின்றால் அசெட்டிக், ஃபார்மிக், லாக்டிக், சக்சினிக் என்று கலவையாக அமிலங்களைக் கக்கும். எத்தனால் அதில் சிறு பங்கு.

இங்கேதான் இரண்டாவது பாக்டீரியா வருகிறது. ஜைமோமோனாஸ் மொபிலிஸ் மெக்சிகோவில் கற்றாழை இனத்துச் செடியின் சாற்றிலிருந்து இறக்கும் புல்கே என்ற பானத்திலும், ஆப்பிரிக்கப் பனங்கள்ளிலும் குடியிருக்கும் நுண்ணுயிர். சர்க்கரையை ஈஸ்ட்டைவிட வேகமாக எத்தனாலாக்கும். ஆனால் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் தவிர வேறெதையும் ஏறிட்டும் பார்க்காது. எதையும் தின்னும் ஒன்று, எத்தனால் மட்டுமே காய்ச்சத் தெரிந்த மற்றொன்று. இரண்டையும் ஒரே உடலில் சேர்க்க இங்கிராம் குழு ஜைமோமோனாஸிலிருந்து இரண்டே நொதிகளின் மரபணுக்களை எடுத்தது. உயிரணுவுக்குள் சர்க்கரை உடையும்போது பைருவேட் என்ற மூலக்கூறில் வந்து நிற்கிறது. அது ஒரு முச்சந்தி. லாக்டிக் அமிலத்துக்கு ஒரு பாதை, ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களுக்கு ஒரு பாதை. குழு அங்கே மூன்றாவது பாதையை வெட்டியது. பைருவேட் டிகார்பாக்சிலேஸ் என்ற முதல் நொதி பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றி அசெட்டால்டிஹைடு ஆக்குகிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜனேஸ் என்ற இரண்டாவது நொதி அதை எத்தனாலாக்குகிறது. பழைய பாதைகளை அடைக்காமலேயே பைருவேட் புதிய பாதையில் ஏன் போனது என்பதற்கு விடை நொதிகளின் பசியில் இருக்கிறது. ஈ. கோலையின் லாக்டிக் அமில நொதி பாதி வேகத்தில் ஓடவே பைருவேட் 7.2 மில்லிமோலார் அளவு செறிந்திருக்க வேண்டும். ஃபார்மிக் அமிலப் பாதையின் நொதிக்கு 2 மில்லிமோலார். ஜைமோமோனாஸின் நொதிக்கு 0.4 போதும். மற்றவை விழித்தெழுமுன் இது பைருவேட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இதை விவரித்து 1987-இல் குழு வெளியிட்ட கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்தச் சிக்கனம்தான். எதையும் அழிக்கவில்லை, சரியான இடத்தில் சரியான இரண்டு நொதிகளை வைத்தார்கள், உயிரின் முழுப்போக்கும் மாறியது.

அந்த முதல் பாக்டீரியாவில் புதிய மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையத்தில் இருந்தன. தலைமுறைகள் கடக்கக் கடக்க பாக்டீரியா அதை உதறிவிடக்கூடும். அதனால் அடுத்த நான்கு ஆண்டுகளில் அவற்றைக் குரோமோசோமுக்குள்ளேயே பதித்தார்கள். 1991-இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்கள் ஓட்டா, பீல், மெஹியா, சண்முகம், இங்கிராம். இதில் வரும் கீழநத்தம் டி. சண்முகம் ஃபுளோரிடாவில் இங்கிராமோடு பல பத்தாண்டுகள் இணைந்து உழைத்தவர். பதித்ததும் எத்தனால் உற்பத்தி படுத்துவிட்டது. குரோமோசோமில் மரபணுவின் பிரதிகள் மிகக் குறைவு. மரபணுவோடு குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தை எதிர்க்கும் திறனையும் சேர்த்துப் பதித்திருந்ததால், அந்த மருந்தின் அளவை ஏற்றி, அதிலும் பிழைத்து வளர்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். பிழைத்தவை எத்தனாலையும் மிகுதியாகத் தந்தன. சக்சினிக் அமிலப் பாதையையும் நீக்கிய பிறகு கிடைத்ததுதான் கே.ஓ.11. சர்க்கரையின் எடையில் 51 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கிடைக்க வேதியியல் விதி இடம் தராது, கே.ஓ.11 அந்த உச்சவரம்பைக் கிட்டத்தட்ட தொட்டது, சைலோஸிலும்கூட. உண்மையில் அதற்குள் என்ன நடந்திருந்தது என்பது 2012-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது தெரிந்தது. புகுத்திய மரபணுக்கள் அடுத்தடுத்துப் பல பிரதிகளாகப் பெருகி நின்றன. அதோடு, பி வகை ஈ. கோலையிலிருந்து வந்தது என்று இருபது ஆண்டுகளாக எல்லோரும் எழுதிவந்த அந்தப் பாக்டீரியா டபிள்யூ வகையைச் சேர்ந்தது என்பதும் வெளிப்பட்டது.

ஒரு பல்கலைக்கழகம் ஓர் உயிர் தொடர்பாகக் காப்புரிமை பெற முடிந்ததே அன்றைக்குப் புதிது. 1980-இல் இரண்டு கதவுகள் திறந்தன. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எண்ணெயைச் சிதைக்க உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்ற பே–டோல் சட்டம் அதே ஆண்டு இறுதியில் வந்தது. ஃபுளோரிடா தன் உரிமத்தை மாசசூசெட்ஸின் பி.சி. இன்டர்நேஷனல் என்ற கம்பெனிக்குக் கொடுத்தது. அது பின்னாளில் செலுனால் என்று பெயர் மாறி, 2007-இல் டைவர்சா நிறுவனத்தோடு இணைந்து வெரேனியம் ஆனது. லூசியானாவின் ஜென்னிங்ஸில் ஆண்டுக்கு 14 லட்சம் காலன், அதாவது சுமார் 53 லட்சம் லிட்டர் திறனுள்ள மாதிரி ஆலையைக் கரும்புச் சக்கைக்காக அமைத்தது. 2010-இல் பி.பி. எண்ணெய் நிறுவனம் இந்தத் தொழிலை 9.8 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபுளோரிடாவின் ஹைலண்ட்ஸ் மாவட்டத்தில் 30 கோடி டாலரில் பெரிய ஆலை கட்டும் திட்டத்தை 2012-இல் கைவிட்டது. 2014 முடிவதற்குள் இந்தத் துறையிலிருந்தே விலகுவதாக அறிவித்து ஜென்னிங்ஸையும் மூடியது.

எண்ணெய்க் கம்பெனி வாங்கிப் பூட்டிவிட்டது என்று சொல்வோர் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். அதே ஆண்டுகளில் மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் அந்த வாதம் கரைந்துவிடுகிறது. அபெங்கோவா நிறுவனம் கன்சாஸின் ஹியூகோட்டனில் 2014 அக்டோபரில் திறந்த ஆலை, இரண்டே ஆண்டில் திவாலில் முடிந்தது. பொயட்–டிஎஸ்எம் கூட்டு, அயோவாவின் எம்மெட்ஸ்பர்க்கில் 2014 செப்டம்பரில் திறந்த ஆலை 2019-இல் எத்தனால் உற்பத்தியை நிறுத்தியது. டூபாண்ட் அயோவாவின் நெவாடா ஊரில் 2015-இல் திறந்த, ஆண்டுக்கு 11 கோடி லிட்டருக்கு மேல் திறனுள்ள ஆலை 2017 நவம்பரில் மூடப்பட்டது. இவற்றை யாரும் வாங்கிப் பூட்டவில்லை, கட்டியவர்களே மூடினார்கள். இவை பயன்படுத்திய நுண்ணுயிர்கள் ஒன்றல்ல என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஜென்னிங்ஸில் இங்கிராமின் பாக்டீரியாக்கள். பொயட், அபெங்கோவா ஆலைகளில் சைலோஸ் தின்னக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஈஸ்ட். டூபாண்டில் மாற்றியமைத்த ஜைமோமோனாஸ். மூன்று வெவ்வேறு உயிர்கள், ஒரே முடிவு. நுண்ணுயிரின் பலவீனம்தான் காரணம் என்றால் ஏதாவது ஒன்றாவது பிழைத்திருக்க வேண்டும்.

பொதுவாக இருந்தது அவற்றுக்கு முன்னால் நின்ற வேலை. டூபாண்ட் தன் ஆலைக்குத் தானே சொன்ன கணக்கு இது: ஆண்டுக்கு 3,75,000 டன் உலர்ந்த மக்காச்சோளத் தட்டை, சுமார் 500 விவசாயிகள், 30 மைல் சுற்றுவட்டாரம். அயோவாவில் அறுவடை முடிந்து பனி விழுவதற்குள் இருப்பது சில வாரங்கள். அதற்குள் அத்தனையையும் கட்டுக் கட்டாகக் கட்டி எடுத்து, ஆண்டு முழுவதும் மழையிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காக்க வேண்டும். தட்டை எடை குறைவு, இடம் அதிகம். லாரியில் ஏறுவதில் பாதிக்கு மேல் காற்று. வயலிலிருந்து மண்ணும் கல்லும் கூடவே வந்து இயந்திரத்தின் பற்களைத் தேய்க்கும். பிறகு அதை நறுக்கி, அமிலமும் நீராவியும் அழுத்தமும் உள்ள கலனுக்குள் இடைவிடாமல் திணிக்க வேண்டும். திரவம் குழாயில் ஓடும், நார் அடைத்துக்கொள்ளும். பொயட்–டிஎஸ்எம் 2017-இல் வெளியிட்ட அறிவிப்பில், இந்த முன்பதப்படுத்தும் கட்டத்தின் தடையைத் தாண்டிவிட்டோம் என்றது. ஆலை திறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தாண்டியதாகச் சொல்லப்பட்ட தடை நொதிக்கலனில் இல்லை, அதன் வாசலில் இருந்தது.

ஆய்வகமும் அதே பக்கம் கைகாட்டியது. இங்கிராம் குழுவின் பிந்தைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி எத்தனாலைப் பெருக்குவதைப் பற்றியதல்ல. அமிலத்தில் வெந்த சக்கைச் சாற்றில் பாக்டீரியா ஏன் சாகிறது என்பதைப் பற்றியது. சைலோஸ் அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஃபர்ஃபுரல் என்ற நஞ்சு உண்டாகிறது. அது இருக்கும்வரை பாக்டீரியா வளராமல் ஒடுங்கிக்கிடக்கும். காரணம் 2009-இல் வெளிவந்தது. ஃபர்ஃபுரலை முறிக்க பாக்டீரியாவின் ஒரு நொதி, உயிரணு புதிய பொருள்களைக் கட்டுவதற்காக வைத்திருக்கும் என்ஏடிபிஹெச் என்ற ஆற்றல் சேமிப்பைச் செலவழிக்கிறது. சேமிப்பு வற்றியதும் வளர்ச்சி நிற்கிறது. அந்த நொதியின் மரபணுவை அமைதிப்படுத்தியதும் பாக்டீரியா ஃபர்ஃபுரலிலும் வளர்ந்தது. அழகான கண்டுபிடிப்பு, ஆனால் அது தீர்த்தது முன்பதப்படுத்தும் கலன் உண்டாக்கிய சிக்கலை. சுத்தமான சர்க்கரை கொடுத்திருந்தால் அந்த ஆராய்ச்சிக்கே தேவை இருந்திருக்காது.

சுத்தமான சர்க்கரை கொடுத்த இடத்தில் நடந்தது இதை இன்னும் உறுதியாக்குகிறது. இதே ஃபுளோரிடா ஆய்வகத்தில் பிறந்த, எத்தனாலுக்குப் பதில் சக்சினிக் அமிலம் தரும் ஈ. கோலையை எடுத்துக்கொண்டு மிரியான்ட் என்ற நிறுவனம் லூசியானாவின் லேக் பிராவிடன்ஸில் 2013-இல் உற்பத்தியில் இறங்கியது. திறன் ஆண்டுக்கு 13,600 டன். அங்கே பாக்டீரியாவுக்கு வைத்த தீனி தானியத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ். ஆய்வகக் குடுவையில் நடந்தது ஆலைக் கலனிலும் நடந்தது. அதனால் ஆய்வக வித்தை பெரிய அளவில் பலிக்காது என்ற குற்றச்சாட்டை இந்தப் பாக்டீரியாவின் மீது சுமத்த முடியாது.

எதிர்வாதங்களில் கனமானது எண்ணெய் விலை. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. எந்த மாற்று எரிபொருள் தாங்கும் என்கிறார்கள். விலைச்சரிவு கடைசி அடியாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் 2011 முதல் மூன்று ஆண்டுகள் பிரென்ட் எண்ணெயின் சராசரி 100 டாலருக்கு மேல்தான் இருந்தது. பி.பி. தன் ஃபுளோரிடா திட்டத்தைக் கைவிட்டது அந்த நல்ல காலத்தில். மக்காச்சோள மணியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளோ அதே சந்தையில், அதே விலைச்சரிவில் ஓடிக்கொண்டே இருந்தன. ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டருக்கு மேல் உற்பத்தி குறையவே இல்லை. இரண்டும் விற்பது ஒரே எத்தனால். ஒன்று மணியின் மாவுச்சத்தை மலிவான நொதியால் ஓரிரு நாளில் சர்க்கரையாக்குகிறது; மற்றது தட்டையோடு மல்லுக்கட்டுகிறது. எண்ணெய் விலை இரண்டுக்கும் பொது என்பதால், இந்த வேறுபாட்டுக்கு அது காரணமாக முடியாது.

அரசு கைவிட்டது என்ற வாதமும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றம் 2007-இல் இயற்றிய சட்டம், செல்லுலோஸ் வகை எரிபொருள் 2022-க்குள் 1,600 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 6,000 கோடி லிட்டர் கலக்கப்பட வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2010-க்கு மட்டும் 10 கோடி காலன். அந்த ஆண்டே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை 65 லட்சம் காலனாகக் குறைத்தது. இல்லாத எரிபொருளை வாங்கவில்லை என்று சுத்திகரிப்பு ஆலைகளைத் தண்டிக்க முடியாதென 2013 ஜனவரியில் நீதிமன்றம் 2012-க்கான அளவை ரத்து செய்தது. இதனால் முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள் என்பது சரியே. ஆனால் இலக்கு ஏன் குறைந்தது என்று கேட்டால், ஆலைகளால் எரிபொருளைத் தர முடியாததால்தான் என்ற விடை வருகிறது. சட்டம் பாக்டீரியாவின் வெற்றியைப் பார்த்து எழுதப்பட்டது. கலனின் வாயில் நார் அடைத்துக்கொள்வதை அது கணக்கில் எடுக்கவில்லை. 2022-இல் உண்மையாக நிர்ணயித்த அளவு 63 கோடி காலன். அதிலும் பெரும்பகுதி குப்பைமேட்டிலிருந்து பிடித்த எரிவாயு. அந்த வாயு தானாகவே வெளியேறுகிறது. யாரும் எதையும் நறுக்கித் திணிக்க வேண்டியதில்லை.

இங்கிராமின் தேர்வுமீது நியாயமான ஒரு குறை சொல்லலாம். ஈ. கோலைக்கு நடுநிலையான கார அமிலச் சூழல் வேண்டும். அந்தச் சூழலில் வேண்டாத கிருமிகளும் நன்றாக வளரும். ஈஸ்ட் புளித்த சூழலில் வாழ்வதால் தொற்று குறைவு. சக்கைச் சாற்றில் எத்தனால் நாலைந்து விழுக்காட்டோடு நின்றுவிடும்போது காய்ச்சி வடிக்க எரிபொருள் அதிகம் செலவாகும். ஈஸ்ட்டின் மிச்சத்தை மாட்டுத் தீவனமாக விற்கலாம், மரபணு மாற்றிய ஈ. கோலையை விற்பது அத்தனை சுலபமில்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ 1993-இல் ஈஸ்ட்டுக்கே சைலோஸைத் தின்னக் கற்றுக்கொடுத்த பிறகு ஆலைக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. இந்தக் குறையை ஏற்றாலும் வாதம் மாறவில்லை. ஈஸ்ட்டுக்குப் போனவர்களும் அதே நார் மூட்டையின் முன்தான் வந்து நின்றார்கள்.

சக்கை கழிவுதானே, விலையே இல்லையே என்று தோன்றலாம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதற்கு விடை கரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. புகளூர் டி.என்.பி.எல். காகித ஆலைக்குச் சக்கைதான் முக்கிய மூலப்பொருள். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரிப்பதால், அதற்கு ஈடாக வேறு எரிபொருளையோ நீராவியையோ கொடுத்துத்தான் அந்த ஆலை சக்கையைப் பெறும் ஏற்பாட்டைச் செய்தது. யாருக்காவது பயன்படத் தொடங்கிய நிமிடத்தில் கழிவுக்கு விலை வந்துவிடுகிறது. அயோவா விவசாயிக்கும் தட்டை சும்மா கிடப்பதல்ல. மண்ணரிப்பைத் தடுக்கும் போர்வை, அடுத்த பயிருக்கு உரம்.

மாறாக, எடுத்துவரும் செலவை வேறு யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்ட இடங்களில் இந்தத் தொழில் ஓரளவு நின்றிருக்கிறது. ஜப்பானில் ஒசாகாவை அடுத்த சக்காயில் 2007-இல் தொடங்கிய ஆலை, கே.ஓ.11 பாக்டீரியாவைக் கொண்டு ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டது. மூலப்பொருள், இடித்த வீடுகளின் மரத்துண்டுகள். கட்டடக் கழிவைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் 2000-இலேயே கட்டாயப்படுத்தியிருந்ததால் மரம் தானாக ஓரிடத்தில் வந்து சேர்ந்தது. பிரேசிலில் ரைசென் நிறுவனம் பிரசிகாபாவின் கோஸ்டா பின்டோ சர்க்கரை ஆலைக்கு ஒட்டியே கட்டிய ஆலை, அமெரிக்க ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய ஆண்டுகளைத் தாண்டியும் ஓடியது. 2024-இல் அதைவிடப் பெரிய இன்னொன்றை அந்நிறுவனம் திறந்தது. அங்கே சக்கை வயலிலிருந்து தனியாக வருவதில்லை. சர்க்கரைக்காக வெட்டி, ஏற்றி, கழுவி, நசுக்கிய கரும்பின் மிச்சமாக ஆலைக்குள்ளேயே குவிகிறது. ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலையோ, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்க அமைக்கப்பட்டது. அங்கே வைக்கோல் வயலில் கிடக்கிறது. கோதுமை விதைப்புக்குமுன் சில வாரங்களில் அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விவசாயி தீ வைப்பார். அயோவாவை வாட்டிய அதே அறுவடைக் கால நெருக்கடி இது. அங்கே பார்க்க வேண்டியது கட்டுகள் எத்தனை வந்து சேர்கின்றன, எவ்வளவு மண்ணோடு வருகின்றன என்பதை. நொதிக்கலனுக்குள் நடப்பது 1991-லேயே தெரிந்த விஷயம். நான்சி ஹோவின் ஈஸ்ட்டைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)